ஏழின் குறுக்குக் கோடு

பாடப்புத்தகத்தில் அந்த ஆண்டுக்குப் பதினோரு வரி.
இல்லிரியக் கோட்டைகளுக்கு நாற்பது பக்கம் ஒதுக்கியவர்களுக்கு
இங்கே வந்ததும் மூச்சிரைத்துவிட்டது போல.
‘நிதி நிறுவனங்கள் சரிந்தன. அமைதியின்மை நிலவியது.’
யார் சரித்தது, எவர் தலையில்?
வாக்கியத்துக்குள் ஆளே இல்லை.
இரண்டு மதிப்பெண் கேள்வி. அதுவும் வந்தால்தான்.

வ்லோராவில் யாரும் அமைதியின்மை என்று சொல்வதில்லை.
தொண்ணூற்றேழு, அவ்வளவுதான்.
தொண்ணூற்றேழுக்கு முன்னால் எங்களுக்கு வீடு இருந்தது
என்பார்கள்,
மீன் விலை சொல்லும் குரலில்.

பன்னிரண்டாம் வகுப்பு. இருபத்தாறு பேர்.
எல்லாரும் அதற்குப் பத்து வருடம் கழித்துப் பிறந்தவர்கள்.
வீட்டில் அந்த வருடத்தின் பொருள் ஏதாவது கிடந்தால்
கொண்டுவாருங்கள் என்றேன்.
தலைமையாசிரியரைக் கேட்கவில்லை.

யூல்பெர் ஒரு தோட்டாக் கூடு கொண்டுவந்தான்.
அதில்தான் பல்குத்தும் குச்சி வைத்திருந்தார்களாம்.
எர்மிராவிடம் ஒரு கப்பலின் படம்,
கொடிமரம்வரை மனிதர்கள்.
ஒரு புள்ளியைச் சுற்றி நீல மையில் வட்டம்.
‘பெரியப்பாவாக இருக்கலாம்’ என்றாள்.
அந்த ‘இருக்கலாம்’ அந்த வீட்டில்
இன்னும் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறது.
கெந்தியான் வெறுங்கையோடு வந்தான்.
‘அத்திமரத்தடியில் இருக்கிறது டீச்சர்,
எடுத்துவந்தால் போலீஸும் கூடவே வரும்.’
வகுப்பே சிரித்தது. நானும்தான்.
இந்த ஊரில் தோண்டினால்
தண்ணீருக்கு முன்னால் துப்பாக்கி வரும்.

பிறகு சிதொரேலா.
ஒரு ரசீது. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்து
பின்புறம் டேப் ஒட்டியது.
இரண்டு பசு, ஆலிவ் தோப்பில் பாதி,
எல்லாம் சுருங்கி ஓர் எண்ணாகியிருந்தன:
ஏழு லட்சத்து எழுபதாயிரம் லெக்.
வட்டி மாதம் நூற்றுக்கு எட்டு.
கையெழுத்து இல்லை. முத்திரை மட்டும்.

‘மாதம் எட்டா? கணக்குத் தெரியாதா அவர்களுக்கு?’
பின்வரிசையிலிருந்து ஒருவன்.
கணக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்கு வட்டி வந்ததே,
அதுவும் தெரிந்தது என்றேன்.
‘அப்புறம்?’
கிணற்றில் போட்ட கல்.
வரலாற்று ஆசிரியை சொல்லத் தகுந்த பதில் அல்ல அது.
வேறு வரவில்லை,

ஏனென்றால் அந்த ஏழுகள்.
இடுப்பில் குறுக்குக் கோடு இங்கே எல்லாரும் போடுவார்கள்.
கோட்டின் நுனியில் ஒரு கொக்கி,
தூண்டில் முள் மாதிரி கீழே வளைந்தது,
எனக்குத் தெரிந்து ஒரு கைக்குத்தான் உண்டு.

பத்தொன்பது வயது.
தொண்ணூற்றாறு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி.
எட்டு மணிக்கே வரிசை தெருமுனை தாண்டும்.
சீக்கிரம் எழுதம்மா என்று கெஞ்சுவார்கள்,
கதவைச் சாத்திவிடுவோமோ என்ற பயத்தில்.
என் அப்பாவின் பணமும் அதே மேசை வழியாகத்தான் போனது.
அது வாதமில்லை.
சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

ரசீதைத் திருப்பிக் கொடுத்தேன்.
‘முதல்நிலைச் சான்று’ என்றேன். தேர்வுக்கு உதவும் சொல்.
சான்று கிடைத்தால் எழுதிய கை யாருடையது என்று
முதலில் தேடுங்கள்:
போன வாரம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

சிதொரேலா ரசீதைப் பார்த்தாள்.
பலகையைப் பார்த்தாள்.
அங்கே, பாடத் தலைப்பாக,
சாக்பீஸ் நுனி உடைய அழுத்தி
காலையில் நானே எழுதிய வருடம்.
மறுபடி ரசீது. மறுபடி பலகை.

அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே இத்தாலிக்குப் போகும் கப்பல்
ஒரு முறை சங்கூதியது, யாரும் திரும்பவில்லை.
மணி அடிக்க இன்னும் பதினாறு நிமிடம்.
அவள் கையை உயர்த்தினாள்.

‘சொல்’ என்றேன்.